தூக்கத்தில் அசைந்த உதடுகள்

அன்பு மகன் நஸீருக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

வெள்ளிக்கிழமை நீ தொலைபேசியில் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. "வாப்பா, சின்னதுல நானும் ஹனா மாதிரிதான் இருந்தேனா?" என்று கேட்டாய். "லைன் சரியில்லப்பா, அப்புறம் பேசுறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. உன் வீட்டுக் கூடத்தில் ஹனா எதையோ தரையில் தட்டிக்கொண்டிருந்த சத்தம்கூட எனக்குத் தெளிவாகக் கேட்டது. பக்கத்தில் இருந்த உன் உம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன கேட்டான்?" என்றாள். சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள், "சொல்லிடுங்களேன். எத்தனை வருஷத்துக்குத்தான் வாயைக் கட்டிக்கிட்டிருப்பீங்க?" என்றாள். அதனால் எழுதுகிறேன். இந்தக் காலத்தில் யார் மகனுக்குக் காகிதத்தில் எழுதுகிறார்கள் என்று நீ சிரிப்பாய். ஆனால் நீளமான பேச்சைக் காதால் பின்தொடர்வது உனக்கு இன்றும் களைப்பு. எழுத்து என்றால் நீ விரும்பிய இடத்தில் நிறுத்தலாம், திரும்பப் போய்ப் படிக்கலாம். உனக்கு மொழி திரும்பி வந்ததே அந்த வழியாகத்தான்.

ஷமீமா எல்லாவற்றையும் உம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. தமிழ்நாட்டிலிருந்து உன்னை நம்பி வந்த பெண், இந்த ஊரில் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? ஹனாவுக்கு இரண்டரை வயது ஆகியும் நாலைந்து சொல்லுக்கு மேல் வரவில்லை என்பதால், பலதுறை மருந்தகத்து டாக்டர் குழந்தை வளர்ச்சிப் பிரிவுக்குப் போகச் சொன்னதும், நீ வேண்டாம் என்று மறுத்ததும் எங்களுக்குத் தெரியும். "பேரு வெச்சுட்டாங்கன்னா அப்புறம் எல்லாரும் அந்தப் பேரைத்தான் பார்ப்பாங்க, புள்ளையப் பார்க்க மாட்டாங்க" என்று சொன்னாயாம். அந்த வாக்கியத்தைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அது எங்கே கற்றுக்கொண்ட வாக்கியம் என்று எனக்குத் தெரியும்.

உன் கேள்விக்குப் பதில் இதுதான். இல்லை, நீ ஹனா மாதிரி இருக்கவில்லை. நீ பேசிக்கொண்டே இருந்தாய்.

நாலு வயதில் உன்னைச் சமாளிக்க முடியாது. அப்போது நாம் புக்கிட் பாத்தோக்கில் அந்த மூவறை வீட்டில் இருந்தோம். நான் சாங்கி விமான நிலையத்தில் சரக்குக் கிடங்கில் ஷிப்ட் வேலை. ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை கிடைத்தால் சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் என் தம்பி, உன் சாச்சா, வைத்திருந்த கடைக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போவேன். ஊருக்குப் போகும் கட்டட வேலைக்காரத் தம்பிகளும் கப்பல் பட்டறைத் தம்பிகளும் பெட்டி, போர்வை, டார்ச் லைட், தைலம் வாங்க வரும் கடை. நீ கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் ஏறி உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களை எல்லாம் விசாரிப்பாய். "வாங்கண்ணே, ஊருக்கா? பெட்டி பெருசா சின்னதா? வீட்ல எத்தனை பேரு?" அவர்கள் உன்னை முதலாளி என்று கூப்பிடுவார்கள். வேண்டுமென்றே விலை பேசுவார்கள். நீ அசரமாட்டாய். "சாச்சாட்ட கேட்டுச் சொல்றேன், ஆனா அவங்க குறைக்க மாட்டாங்க லா" என்று இந்த ஊர் 'லா'வையும் சேர்த்துச் சொல்வாய். எம்ஆர்டி ரயிலில் போகும்போது அறிவிப்பு வந்தால் அதே குரலில் திருப்பிச் சொல்வாய். வீட்டில் குளியலறைக் கதவைச் சாத்தும்போதுகூட, "டோர்ஸ் ஆர் குளோசிங்" என்று அறிவித்துவிட்டுத்தான் சாத்துவாய். உம்மா உனக்கு ஃபாத்திஹா சூராவைச் சொல்லிக்கொடுத்திருந்தாள். அதையும் நீ கடைக்கு வருகிறவர்களிடம் ஓதிக் காட்டி மிட்டாய் வாங்கிக்கொள்வாய்.

பிறகு நீ "என்ன?" என்று கேட்க ஆரம்பித்தாய். சாப்பிட வா என்றால், "என்ன?" சட்டையைப் போடு என்றால், "என்ன?" விளையாட்டு என்று நினைத்தோம். பாலர் பள்ளி ஆசிரியை உம்மாவிடம், "காதுல சளி கட்டியிருக்கும், பாருங்க" என்றார். காதுப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனோம். காது நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். சாவிக் கொத்து விழுந்தால் திரும்பினாய், ஐஸ்கிரீம்காரர் மணி அடித்தால் ஓடினாய். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் திரும்பவில்லை. சில நாள் நன்றாக இருப்பாய், நாங்கள் மூச்சு விடுவோம். அடுத்த நாள் மறுபடியும் "என்ன?" கொஞ்ச நாளில் அதைக் கேட்பதையும் விட்டுவிட்டாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையில் வழக்கமாக வரும் ஒரு கப்பல் பட்டறைத் தம்பி உன் முன்னால் குனிந்து, "என்ன முதலாளி, சௌக்கியமா?" என்றான். நீ அவன் வாயையே உற்றுப் பார்த்தாய். ஏதோ பயங்கரமான பொருளைப் பார்ப்பதுபோல் பார்த்தாய். பிறகு ஸ்டூலிலிருந்து இறங்கி பெட்டிகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாய். அந்தத் தம்பி என்னிடம், "என்மேல எதுவும் கோவமாண்ணே?" என்று கேட்டான். நான் சிரித்து மழுப்பினேன். 

பிள்ளைகளின் முதல் சொல்லை எல்லாப் பெற்றோரும் ஞாபகம் வைத்திருப்பார்கள். உன்னுடையது "லைட்டு." கடைசிச் சொல் எது என்று எனக்குத் தெரியாது. அதுதான் கடைசி என்று அப்போது யாருக்குத் தெரியும்? மாவு டப்பாவிலிருந்து மாவு கசிவதுபோல் உன் சொற்கள் போய்க்கொண்டிருந்தன. ஒரு நாள் டப்பாவைத் திறந்து பார்த்தால் காலி. உம்மா அது "தண்ணி" என்கிறாள். நான் "வேணாம்" என்று நினைக்கிறேன். இத்தனை வருடம் கழித்தும் பஸ்ஸில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது அந்த வாரங்களை ஒவ்வொரு நாளாகப் புரட்டிக்கொண்டிருப்பேன். கிடைப்பதில்லை.

சொந்தக்காரர்கள் கண்ணேறு என்றார்கள். அத்தனை பேர் முன்னால் பிள்ளையைப் பேசவைத்தது தப்பு என்றார்கள். ஒரு ஹஜ்ரத்திடம் கூட்டிப்போனோம். அவர் ஓதி ஊதித் தண்ணீர் கொடுத்துவிட்டு, "துவா நான் செய்றேன். டாக்டர்கிட்ட போறத மட்டும் நிறுத்திடாதீங்க" என்றார். நல்ல மனிதர்.

டாக்டரிடம் போனோம். எந்த மருத்துவமனை என்று எழுதப்போவதில்லை, அதனால் இப்போது ஒன்றும் ஆகப்போவதும் இல்லை. பொம்மைகள் நிறைந்த ஓர் அறையில் உன்னை விட்டு ஒரு மணி நேரம் பார்த்தார்கள். நீ அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை. கூப்பிட்டால் திரும்பவில்லை. ஒரு காரின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தாய், அதை எடுத்தபோது பரிசோதித்த அம்மாவின் கையைக் கடித்தாய். ஆட்டிசம் என்று சொன்னார்கள். நான் என் உடைந்த ஆங்கிலத்தில், "இவன் நல்லாப் பேசுவான் டாக்டர், பெரிய பெரிய வாக்கியமாப் பேசுவான்" என்றேன். டாக்டர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார். கேட்டதைத் திருப்பிச் சொல்வதைப் பல பெற்றோர் பேச்சு என்று நினைத்துக்கொள்வார்கள் என்றார். நான் வேறு அந்த எம்ஆர்டி அறிவிப்பைப் பெருமையாகச் சொல்லித் தொலைத்திருந்தேன். அது அவர் சொன்னதற்குச் சான்றாகிவிட்டது. சிராங்கூன் ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை நிற்கும் அத்தனை தம்பிகளையும் லாரியில் ஏற்றி வந்து அந்த அறையில் நிறுத்தி, சொல்லுங்கடா, இவன் உங்களோடு விலை பேசினானா இல்லையா என்று கேட்க வேண்டும் போலிருந்தது. வீட்டில் தமிழை நிறுத்தச் சொன்னார்கள். ஆங்கிலம் மட்டும் பேசுங்கள், பிள்ளை குழம்புகிறான் என்றார்கள்.

அந்தப் பெயரை நான் பழிக்கவில்லை என்பதை நீ புரிந்துகொள்ள வேண்டும். நம் அடுக்குமாடி புளோக்கிலேயே அந்தப் பெயரோடு வளர்ந்த பையன் இன்று நூலகத்தில் வேலை செய்கிறான், அவனுக்குச் சரியான பள்ளியையும் சரியான ஆசிரியர்களையும் அந்தப் பெயர்தான் கொண்டுவந்து கொடுத்தது. அது உன்னுடையது இல்லை, அவ்வளவுதான். அடுத்தவன் கண்ணாடியை உனக்கு மாட்டிவிட்டு, ஏன் முட்டிக்கொள்கிறாய் என்று கேட்டதுபோல் ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் நம் வீடு இருந்த நிலையை எப்படி எழுதுவது? உம்மாவுக்கு ஆங்கிலத்தில் கடைக்குப் போகத் தெரியும், பிள்ளையைக் கொஞ்சத் தெரியாது. அதனால் அவள் கொஞ்சுவதை விட்டாள். உன் முன்னால் தமிழ் பேசக்கூடாது என்று நானும் அவளும் எங்களுக்குள் பேசுவதையும் விட்டோம். மூன்று பேர் இருக்கும் வீட்டில் மின்விசிறி சத்தம் மட்டும் கேட்கும். நீ சாமான்களை எறிவாய், தலையைச் சுவரில் மோதுவாய், பிறகு மூலையில் போய்ச் சுருண்டு உட்கார்ந்து எங்களைப் பார்ப்பாய். அந்தப் பார்வையில் நான் யார் என்பது உனக்குத் தெரிந்தது. நான் என்ன சொல்கிறேன் என்பதுதான் தெரியவில்லை. வேலை முடிந்து வந்து கதவைத் திறக்கும்போதெல்லாம், வேறு யாரோ ஒரு பையன் நம் வீட்டில் என் பிள்ளையின் சட்டையைப் போட்டுக்கொண்டு இருக்கிறான் என்று தோன்றும். தோன்றிய உடனே அஸ்தக்ஃபிருல்லாஹ் என்று மன்னிப்புக் கேட்பேன். அடுத்த நாளும் தோன்றும்.

அந்த நாட்களில் எங்களுக்கு ஒரே ஒரு சந்தோஷம் இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போதும் எனக்குத் தாங்கவில்லை. காலை ஷிப்ட் முடிந்து நான் வரும் நேரத்தில் நீ மதியத் தூக்கத்தில் இருப்பாய். ஒரு நாள் உம்மா வாசலிலேயே என் கையைப் பிடித்து, சத்தம் போடாமல் அறைக்குள் கூட்டிப்போனாள். "பாருங்க" என்றாள். உன் உதடு அசைந்துகொண்டிருந்தது. வலது ஓரத்தில் லேசாக, விட்டு விட்டு, ஏதோ சொல்ல வருவதுபோல. "கனவுல பேசுறான்" என்றாள். ஒரு வருடத்தில் முதல்முறையாக அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ மதியங்கள் நாங்கள் இரண்டு பேரும் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அந்த உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம். விழித்திருக்கும்போது எங்களிடம் பேசாவிட்டாலும் உள்ளே எங்கேயோ அவன் பேசிக்கொண்டுதான் இருக்கிறான், கடையில் யாரிடமோ விலை பேசுகிறான் என்று நினைத்தோம். சில நாள் உம்மா காதை உன் வாயருகே வைத்துக் கேட்பாள். சத்தம் வராது. அதற்கே சந்தோஷப்பட்டோம்.

பேச்சுச் சிகிச்சைக்கு மாதம் ஒருமுறை போய்க்கொண்டிருந்தோம். பழைய சிகிச்சையாளர் விலகிப் புதிதாக ஒருவர் வந்தார். சின்ன வயதுச் சீனப் பெண். அன்று அவர் உன்னிடம் எதையும் பேசச் சொல்லவில்லை. படங்களைக் கொடுத்தார், அடுக்கினாய். புதிர்ப் பலகையைக் கொடுத்தார், சடசடவென்று முடித்தாய். ஒரு பொம்மை நாயைக் காட்டி, கையால் தண்ணீர் குடிப்பதுபோல் செய்து காட்டினார். நீ ஒரு கோப்பையை எடுத்து நாய்க்குக் கொடுத்துவிட்டு, அவரை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாய். முந்தைய அறைகளில் யாரும் உன்னிடமிருந்து அந்தச் சிரிப்பை வாங்கியதில்லை. அவர் எங்களிடம் திரும்பி, "இவன் முன்னாடி பேசினான்னு ஃபைல்ல ஒரு வரி இருக்கு. அதை முழுசா சொல்லுங்க" என்றார். சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். எந்த வயதில், எப்படி நின்றது, நல்ல நாள், மோசமான நாள் என்று மாறி மாறி இருந்ததா என்று கேட்டார். கடைசியில், "இப்போ கொஞ்சம்கூடப் பேச்சே இல்லையா?" என்றார்.

நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். உம்மா என் முழங்கையைத் தொட்டு, "அந்தத் தூக்கத்துல பேசுறதைச் சொல்லுங்க" என்று தமிழில் சொன்னாள்.

"அதெல்லாம் எதுக்கு இப்ப?" என்றேன். படித்த பெண்ணிடம் இதைப் போய்ச் சொல்வதா என்று எனக்கு வெட்கம். அந்தப் பெண் கேட்டார், "அம்மா என்ன சொல்றாங்க?" நான் மென்று விழுங்கிக்கொண்டிருந்தேன். உம்மா எனக்காகக் காத்திருக்கவில்லை. தன் விரலால் தன் உதட்டின் வலது ஓரத்தைத் தொட்டு இழுத்து இழுத்துக் காட்டினாள். "ஸ்லீப். எவ்ரிடே" என்றாள்.

அந்தப் பெண் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு, "மறுபடி காட்டுங்க" என்றார்.

அந்த வாரமே வேறொரு டாக்டரிடம் அனுப்பினார்கள். தூங்கும்போது மூளையின் மின்னோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றார்கள். அதற்கு நீ சோதனை அறையில் தூங்க வேண்டும் என்பதால், விடியும் முன்பே உன்னை எழுப்பிவிட்டு, உச்சிப் பொழுதுவரை எம்ஆர்டியில் கிழக்கும் மேற்குமாக உன்னைக் கூட்டிக்கொண்டு சுற்றினேன். நீ தலை சாயும்போதெல்லாம் ஜன்னலைத் தட்டிக் காட்டினேன். சோதனை அறையில் தலை முழுக்கப் பசை வைத்து ஒயர் ஒட்டினார்கள். விழித்திருந்தபோது திரையில் கோடுகள் அமைதியாகத்தான் போயின. நீ கண் அயர்ந்த கொஞ்ச நேரத்தில் எல்லாக் கோடும் எகிற ஆரம்பித்தது. ஊசி ஊசியாக, இடைவெளி இல்லாமல், திரை கறுத்துப்போகும் அளவுக்கு. உன் முகம் சாந்தமாக இருந்தது. உதட்டோரம் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. உம்மா திரையைப் பார்த்தாள், உன் உதட்டைப் பார்த்தாள். பிறகு புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அது ஒருவகை வலிப்பு. இரண்டு டாக்டர்களின் பெயரைச் சேர்த்து வைத்த நோய் அது, உனக்கே தெரியும். காது நன்றாகக் கேட்கும். ஆனால் தூங்கும் நேரமெல்லாம் மூளையில் மொழி இருக்கும் பக்கத்தை அந்தப் புயல் அடித்து நொறுக்கிவிடும். டாக்டர் படம் போட்டு விளக்கினார். உம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "நாங்க இவ்வளவு நாளும் பேசுனது அவனுக்கு எப்படி இருந்திருக்கும்?" நான் மொழிபெயர்த்தேன். டாக்டர் யோசித்துவிட்டு, "உங்களுக்குத் தெரியாத ஒரு பாஷையை எல்லாரும் பேசுற ஊர்ல, திடீர்னு ஒருநாள் கண் முழிச்ச மாதிரி" என்றார்.

நஸீர், என்னைத் துரத்துவது அதுதான். சொந்த வீட்டில், சொந்த உம்மா வாப்பாவுக்கு நடுவில், ஐந்து வயதுப் பிள்ளை நீ, பாஷை தெரியாத ஊரில் ஒரு வருடத்துக்குமேல் தனியாக இருந்திருக்கிறாய். உன் கடி, உன் எறிதல், சுவரில் மோதியது எல்லாம் வழி கேட்டது. நாங்களோ கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் புயலைப் பார்த்து ரசித்துக்கொண்டிருந்தோம். தெரியாமல்தான் செய்தோம். அல்லாஹ் அதை அறிவான். தெரியாமல் செய்தது என்பதால் அது என்னை விட்டுப் போய்விடவில்லை.

மருந்து கொடுத்தார்கள். உன் முகம் உப்பியது, பசி தாங்கமாட்டாய், காரணமில்லாமல் அழுவாய். உம்மா பழையபடி தமிழ் பேச ஆரம்பித்தாள். வீட்டில் எந்த மொழி உயிரோடு இருக்கிறதோ அதிலேயே தொடங்குங்கள் என்று அந்தச் சிகிச்சையாளர் சொல்லிவிட்டார். காதுவழி அடைத்திருந்தாலும் கண்வழி திறந்திருக்கிறது என்று அவர்தான் எழுத்து அட்டைகளைத் தொடங்கிவைத்தார். கதவு, தட்டு, சோறு, நாற்காலி என்று வீடு முழுக்க உம்மா எழுதி ஒட்டினாள். என் சட்டையில் "வாப்பா" என்று ஒட்டுவாள். ஒரு நாள் அதைக் கழற்ற மறந்து சாங்கிவரை போய்விட்டேன். கிடங்கில் தமிழ் தெரிந்தவர்கள் எல்லாம் அன்று என்னை வாப்பா என்றே கூப்பிட்டார்கள். சில மாதம் கழித்து, என் நெஞ்சில் விரலை வைத்து நீ அந்தச் சொல்லை வாய்விட்டுப் படித்தாய். வா. பா. நடுவில் இருந்த எழுத்தை முழுங்கிவிட்டாய். நாங்கள் அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லி ஷுக்ரு தொழுதோம்.

இனி எழுதப்போவதை உம்மாவுக்குக்கூட நான் சொன்னதில்லை. அன்று வந்த குரல் பழைய குரலாக இல்லை. மெதுவாக, தட்டையாக, ஏற வேண்டிய இடத்தில் இறங்கி வந்தது. டாக்டர்கள் இவ்வளவு வந்ததே பெரிது என்றார்கள், உண்மைதான். ஆனால் நான் காத்திருந்தேன். நீ ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி என்னிடம் கொண்டுவந்தபோதெல்லாம், உனக்குப் பின்னாலிருந்து அந்தக் கடைப் பையன் வருவானா என்று காது கொடுத்துக்கொண்டிருந்தேன். உனக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு கல்யாண விருந்தில் சாச்சா, நாலு வயதில் நீ பெட்டி விலை பேசிய கதையை ஆரம்பித்தார். நானும் சேர்ந்துகொண்டு குரலை மாற்றி நடித்துக் காட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். நீ பிரியாணித் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாய். வீட்டுக்கு வந்து, சொற்களைத் தேடித் தேடி, "அந்தப் பையன் கதையை இனிமே சொல்லாதீங்க வாப்பா. எனக்கு அவனைத் தெரியாது" என்றாய். அதற்குப் பிறகு நான் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை நீயே கேட்டபோதும் என்னால் சொல்ல முடியவில்லை.

பெயர் வைத்தால் பிள்ளையைப் பார்க்கமாட்டார்கள் என்று நீ ஷமீமாவிடம் சொன்னது அங்கிருந்து வந்தது. உன்னைப் பார்க்காமல் போனது உன் நோயின் பெயரால் இல்லை, நஸீர். தவறான பெயர் ஒரு வருடத்தைத் தின்றது, சரியான பெயர் உன்னைக் கரையேற்றியது. அதற்கப்புறம் உன்னைத் தாண்டிப் பார்த்துக்கொண்டிருந்தது நான். அந்தக் கணக்கை ஹனாவின் தலையில் எழுதாதே.

ஹனாவுக்கு என்ன என்று எனக்குத் தெரியாது. நீ இழந்ததுபோல் அவள் எதையும் இழக்கவில்லை, அது மட்டும் தெரியும். மெதுவாகத் தொடங்குகிற பிள்ளையாக இருக்கலாம். காதாக இருக்கலாம். நம் புளோக்குப் பையனின் பெயரே அவளுக்குப் பொருந்தலாம், பொருந்தினால் அதையும் அல்ஹம்துலில்லாஹ் சொல்லி வாங்கிக்கொள். நாம் யூகிக்க வேண்டாம். அவளைப் பார்க்கத் தெரிந்தவர்கள் பார்க்கட்டும். முதலில் காதைப் பரிசோதிக்கச் சொல். நீங்கள் கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள், அதற்கு அர்த்தம் சொல்லாதீர்கள். நாங்கள் கனவு என்று அர்த்தம் சொல்லிக்கொண்டோம், உம்மா விரலால் செய்து காட்டியபோதுதான் அது வெளியே வந்தது. சொல்ல வெட்கமாக இருக்கும் சின்ன விஷயத்தைக் கட்டாயம் சொல். அவர்கள் ஒரு பெயர் சொன்னால், "வேற என்னவா இருக்கலாம்?" என்று மரியாதையாகக் கேள். ஒத்துவரவில்லை என்று தோன்றினால் இன்னொருவரிடம் போ. உன் பழைய நோயையும் மறைக்காமல் சொல். யார் என்ன சொன்னாலும் வீட்டில் அவளோடு பேசுவதை நிறுத்திவிடாதே.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்திருந்தபோது நான் சமையலறையில் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தேன். நீ கூடத்தில் தரையில் படுத்துக்கொண்டு ஹனாவிடம் பந்தை உருட்டி, "பந்து வருது, பந்து போகுது" என்று சொல்லிக்கொண்டிருந்தாய். உன் குரலில், உன் வேகத்தில், ஒவ்வொரு சொல்லையும் முழுசாக வைத்து. அவள் ஒன்றும் திருப்பிச் சொல்லவில்லை. ஆனால் பந்தை விட்டுவிட்டு உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தேநீர் ஆறிப்போகும்வரை நான் அங்கேயே நின்று கேட்டேன். அப்போதுதான் தெரிந்தது, நான் வேறு எந்தக் குரலுக்காகவும் காத்துக்கொண்டு நிற்கவில்லை. அந்தப் பையன் என்னை விட்டுப் போய்விட்டான் என்று பொய் சொல்லமாட்டேன். அவன் நினைவில் வருவான். ஆனால் அன்று கூடத்தில் பேசிக்கொண்டிருந்தது என் மகன்.

செவ்வாய்க்கிழமை காலை குழந்தை வளர்ச்சிப் பிரிவில் நேரம் கிடைத்திருப்பதாக ஷமீமா சொன்னாள். இன்னும் ரத்து செய்யவில்லையாம். நானும் உம்மாவும் வருகிறோம், ஆனால் வெளியே உட்கார்ந்துகொள்வோம். நீ உள்ளே போ. ஷமீமாவைப் பேசவிட்டுவிட்டு நீ சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்காதே. உன் பேச்சை அவர்கள் எடைபோடுவார்களே என்று கூச்சப்படாதே. ஹனாவோடு தரையில் படுத்து விளையாடுகிறவன் நீ, அவளை அதிகம் பார்த்தவன் நீ. மெதுவாகச் சொல். சொல் சிக்கினால் நிறுத்தி, தேடி எடு. அவசரப்பட்டு அவர்கள் உன் வாக்கியத்தை முடித்துவைத்தால், இல்லை என்று கையைக் காட்டிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து சொல்.

துவாவுடன்,
உன் வாப்பா